பதினொரு மரங்களுக்காக ஃபாரஸ்ட் கேட் வரை

காலை 7.40, ஹவுன்ஸ்லோ.

லண்டனின் மேற்கிலிருந்து கிழக்குக்குப் போக ஒன்றரை மணி நேரம் ஆகும், இருபது மைலுக்குக் கிட்ட இருக்கும் என்று சொல்லி, மகள் ஒரு காகிதத்தில் வழி எழுதிக் கொடுத்தாள். பிக்கடில்லி ரயிலில் ஹோல்போர்ன். அங்கே சென்ட்ரல் ரயிலுக்கு மாறி ஸ்ட்ராட்ஃபோர்ட். அங்கிருந்து எலிசபெத் ரயிலில் இரண்டாவது நிறுத்தம் ஃபாரஸ்ட் கேட். போனே எல்லாம் காட்டும் என்று அவளுக்குத் தெரியும். அறுபத்தாறு வயதுத் தகப்பன் போனைப் பார்த்துக்கொண்டே நடந்து எஸ்கலேட்டரில் விழுவான் என்பதும் தெரியும். அதனால் காகிதம்.

"அப்பா, அவர்கிட்ட போய் லெக்சர் அடிக்காதீங்க. கேட்டுட்டு வந்துடுங்க," என்றாள் வாசலில்.

"கேக்கப்போறது ஒரே கேள்விதாம்மா," என்றேன்.

அந்த ஒரே கேள்வி நவம்பரிலிருந்து என் சட்டைப் பைக்குள் கனத்துக்கொண்டிருந்தது. அது என்ன என்பதைச் சொல்லிவிட்டு ரயில் ஏறுகிறேன்.

நான் தேனி மாவட்டத்துக் கம்பத்துக்காரன். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே பிறந்துவிட்டு, பிழைப்புக்காக முப்பத்தோரு வருடம் ஹிமாச்சலப் பிரதேசத்தில் ஆப்பிள் மரங்களுக்கு வைத்தியம் பார்த்தவன். அரசாங்க உத்தியோகம். எந்த உயரத்தில் எந்த ரகத்தை நடலாம், எந்தக் கிளையை வெட்டலாம் என்று மலைக்காரர்களுக்கு ஒரு சமவெளிக்காரன் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களும் பெரிய மனசோடு கேட்டுக்கொண்டார்கள்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் கிருபாராம். சிம்லாவிலிருந்து நூற்றுப் பத்து கிலோமீட்டரில் இருக்கிறது ரோஹ்ரு. அந்த மலைப் பாதையில் பஸ்ஸுக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும். அங்கிருந்து மேலே ஏறினால் அவருடைய கிராமம். போன நவம்பரில் ஒரு கல்யாணத்துக்காக அங்கே போயிருந்தேன். அவர் என்னைக் கையைப் பிடித்துத் தன் கீழ்த் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். மூன்று ஏக்கர், மேற்குப் பார்த்த சரிவு. சிம்லாவில் ஹோட்டல் வைத்திருக்கும் ஒருவர் அதை முப்பது வருடக் குத்தகைக்குக் கேட்கிறார். மரங்களை எடுத்துவிட்டு மரக் குடில்கள் கட்டப்போகிறார். வெளி மாநிலத்தார் அங்கே நிலம் வாங்க முடியாதபடி சட்டம் இருக்கிறது. ஆனால் இவரும் மலைக்காரர்தான், எந்தத் தடையும் இல்லை.

"ஜனவரிக் கடைசிவரை தவணை கேட்டிருக்கிறேன்," என்றார் கிருபாராம். "சுனிலிடம் போனில் கேட்டால் 'பார்க்கிறேன் அப்பா' என்பான். எட்டு வருடமாகப் பார்க்கிறான். நீங்கள்தான் மகளைப் பார்க்க லண்டன் போகிறீர்களே, நேரில் கேளுங்கள். திரும்பி வருகிறான் என்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். வரவில்லை என்றால் முப்பத்தோராம் தேதி போடுவேன்."

சுனில் அவருக்கு ஒரே மகன். முப்பத்தாறு வயது. படிக்க லண்டன் வந்து, ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரரின் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தங்கிவிட்டான். பதினைந்து வயதில் அந்தக் கீழ்த் தோட்டத்தில் ஒரு வரிசை நட்டான், பதினொரு மரம். ரகம் சொல்லி, ஒட்டுக்குச்சி கொண்டுவந்து கொடுத்தவன் நான். நட்டவன் கைதான் வெட்ட வேண்டும் என்பது அந்த வீட்டில் ஒரு பழக்கம். வேறு வீடுகளில் இல்லை. ஒவ்வொரு குளிர்காலமும் கிளை வெட்டும் சமயத்தில் சுனில் போனில், "என் வரிசையை விடுங்கள், வந்து வெட்டுகிறேன்," என்பான். கிருபாராமும் கூலிக்கு வரும் நேபாளிகளை அந்த வரிசையில் கை வைக்க விடமாட்டார். எட்டுக் குளிர்காலம் கத்தி படாத மரங்களை நவம்பரில் பார்த்தேன். குச்சிக்குக் குச்சி பின்னிப்போய்க் கிடந்தன. காய்த்ததெல்லாம் எலுமிச்சை அளவு.

காலை 8.05, பிக்கடில்லி ரயில்.

எதிரில் ஹீத்ரோ விமான நிலையச் சீருடையில் ஒருவர், கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். என் காகிதத்தில் இருந்த தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு, "இந்தியாவோ?" என்றார்.

"ஆமாங்க. ஃபாரஸ்ட் கேட் போறேன்."

"ஹோல்போர்னிலை மாறுங்கோ. நான் அதுக்கு முதலே நித்திரையாப் போனாலும் நீங்கள் இறங்குங்கோ."

இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர். சரக்குப் பகுதியில் வேலையாம். நான் எங்கே வேலை பார்த்தேன் என்று கேட்டார். ஹிமாச்சல் என்றேன். காஷ்மீரோ என்றார். பக்கம்தான் என்றேன். அங்கே சனங்களுக்கு என்ன வருமானம் என்று அடுத்த கேள்வி. லெக்சர் அடிக்கக் கூடாது என்று மகள் சொன்னது இவரைப் பற்றி இல்லையே என்று ஆரம்பித்துவிட்டேன்.

மேல்மலைக்கு ஆப்பிள்தான் சோறு. ஒரு சாய்வு நிலமும் நூறு மரமும் இருந்தால் பெண் கொடுப்பார்கள், காங்கிரீட்டில் வீடு கட்டுவார்கள், பிள்ளையை சண்டிகரில் படிக்க வைப்பார்கள். மற்றபடி ஆறுகளை மறித்து மின்சாரம், சுற்றுலாக்காரர்கள், அடிவாரத்தில் மருந்துக் கம்பெனிகள், அரசாங்க வேலை, அரசாங்கப் பென்ஷன். ஆகஸ்டில் மழை வந்து மலை சரிந்து ரோடு போனால், பெட்டி கட்டிய பழம் ரோட்டோரத்திலேயே அழுகும். இத்தனைக்கும் ஈடு கொடுத்த மரம், குளிர் குறைந்ததற்கு ஈடு கொடுக்க முடியாமல் நிற்கிறது. ஆப்பிள் மரம் குளிர்காலத்தில் தூங்க வேண்டும். நல்ல குளிரில் ஆயிரத்துச் சொச்சம் மணி நேரம் தூங்கினால்தான் வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்கும். இப்போது கீழ்ச் சரிவுகளில் பனியே விழுவதில்லை.

"நித்திரை காணாமல் நிக்குது எண்டுறியள்," என்றார் அவர், கண்ணை மூடியபடி. "அப்ப எனக்கும் உங்கடை மரத்துக்கும் ஒரே வருத்தம்தான்."

சிரித்தேன். ஏர்ல்ஸ் கோர்ட் வருவதற்குள் அவர் நிஜமாகவே தூங்கிவிட்டார். எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டியவர் என்று கேட்டு வைக்காமல் விட்டேனே என்று ஹோல்போர்ன்வரை கவலையாக இருந்தது.

காலை 9.15, ஃபாரஸ்ட் கேட்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் குளிர் மூன்று டிகிரி. ரோஹ்ருவில் அன்று பகலில் பதினொன்று என்று போன் சொன்னது. எனக்கு அது பொறுக்கவில்லை. வேண்டாத இடத்தில் இவ்வளவு குளிர் கொட்டிக் கிடக்கிறது.

கடை ஸ்டேஷனிலிருந்து நான்கு நிமிட நடை. வாசலில் பச்சைத் தட்டுகளில் முருங்கைக்காய், கத்தரிக்காய், வாழைப்பூ. ஒரு ஓரத்தில் ஆப்பிள், கிலோ இரண்டு பவுண்டு நாற்பது. பிரான்சிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் வந்தவை. ஹிமாச்சல் ஆப்பிள் இங்கே வருவதில்லை. மலையிலிருந்து டெல்லிக்கு இறங்குவதற்குள்ளேயே லாரி வாடகையும் கமிஷனும் அட்டைப்பெட்டி விலையுமாகப் பாதி போய்விடும், கடல் தாண்டுவது எப்படி?

ஒருவன் எனக்கு முதுகு காட்டி நின்று ஆப்பிள் அடுக்கிக்கொண்டிருந்தான். பழத்தை விரலால் பிடிக்கவில்லை. அடியில் உள்ளங்கையைக் கொடுத்து ஏந்தி, சிவந்த கன்னம் வெளியே தெரியத் திருப்பி வைத்தான். விரல் அழுத்தினால் பழத்தில் தழும்பு விழும் என்று மேல்மலையில் சின்ன வயதிலேயே அடித்துச் சொல்லிக் கொடுப்பார்கள். முகத்தைப் பார்க்காமலே ஹிந்தியில், "எப்படி இருக்கிறாய் சுனில்?" என்றேன்.

திரும்பினான். முன்பக்கம் முடி கொட்டியிருந்தது. "சேர்," என்றான். "எப்ப வந்தனீங்கள்? உள்ளுக்கு வாங்கோ, குளிருது."

முப்பத்தோரு வருடம் அந்த மலையில் இருந்தும் அவர்களுடைய பஹாடியை நான் ஒழுங்காகப் பேசியதில்லை. இவன் எட்டு வருடத்தில் என் மொழியை, அதுவும் நான் பேசாத யாழ்ப்பாணத்து வழக்கில், வழித்துக் குடித்திருக்கிறான்.

கல்லாவில் இருந்த சிவநேசன் என்பவர்தான் முதலாளி. அறுபதைத் தொடும் வயது, எழுந்திருக்கும்போது மேசையைப் பிடித்துக்கொண்டார். "எட்டு வருஷத்திலை நான் ஹிந்தி ஒரு சொல்லும் பழகேல்லை. இவன் என்ரை மனிசியோடை சண்டை பிடிக்கிற அளவுக்குத் தமிழ் பழகியிட்டான்," என்றார். சுனில் தேநீர் போட உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"கோவிக்காதேங்கோ, நேராய்க் கேக்கிறன். இவனைக் கூட்டிக்கொண்டு போக வந்தனீங்களோ?"

"கேக்கத்தான் வந்தேங்க. கூட்டிட்டுப் போறது என் கையில இல்ல."

"இரண்டும் ஒண்டுதான்." இடுப்பில் சாவி தொங்காத வெறும் கொக்கியைத் தட்டிக் காட்டினார். "கடைத் திறப்பை இவனிட்டைக் குடுத்து மூண்டு வருஷம். மாசியிலை எனக்கு முழங்கால் ஒப்பரேஷன். என்ரை பிள்ளையள் இரண்டு பேரும் பாங்கிலை வேலை, கடைப் பக்கம் எட்டியும் பாக்கிறதில்லை. பெத்த தகப்பன் கேட்டு விட்டால் நான் குறுக்கை நிக்க ஏலுமோ? நிக்கமாட்டன். ஆனால் எனக்கு விளங்க வேணும்."

அவர்மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் இருந்தது, ரயிலில் வரும்போது. மலையிலிருந்து ஒரு பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கிறவர் என்று. அந்த எரிச்சல் போய்விட்டது.

காலை 9.50, கடையின் பின்னறை.

வாழைப்பழப் பெட்டிகள், ஒரு சின்ன ஹீட்டர், இரண்டு ஸ்டூல். தேநீரில் இஞ்சி தூக்கலாக இருந்தது, அது மட்டும் ரோஹ்ரு. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். ஹோட்டல்காரர், குத்தகை, முப்பத்தோராம் தேதி. சுனில் குறுக்கிடாமல் கேட்டான். நான் ஹிந்திக்கு மாறியபோதும் அவன் தமிழிலேயே நின்றான். அப்பாவைப் பற்றிச் சொந்த மொழியில் பேசினால் உடைந்துபோவான் என்று எனக்குப் பட்டது.

"சேர், முதல் நான் ஒரு கேள்வி கேக்கட்டே? பிறகு மறுமொழி சொல்லுறன்."

"கேளுப்பா."

"அந்தக் கீழ்ச் சரிவிலை இன்னும் இருபது வருஷத்துக்கு ஆப்பிள் நிக்குமோ? அப்பான்ரை சிநேகிதராய்ச் சொல்லாதேங்கோ. முந்தி மண்ணைக் கிண்டிப் பாத்து, மரத்தைக் கீறிப் பாத்துச் சொல்லுவியளே, அப்பிடிச் சொல்லுங்கோ. நிக்கும் எண்டு சொன்னால் அடுத்த கிழமை நான் பிளேன் ஏறுறன். கடை அண்ணைக்கும் நானே சொல்லிப்போட்டுப் போறன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நான் தபால்காரன் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். கேள்வியைக் கொடுத்து, பதிலை வாங்கி, சாயங்காலம் போனில் ஒப்படைத்தால் தீர்ந்தது. பதிலே என்னிடம்தான் இருக்கிறது என்று அவன் திருப்பி நீட்டுகிறான்.

"ஜப்பான் பழம் வைக்கலாம், குளிர் கம்மியா இருந்தாலும்..." என்று, தக்காளி போலிருக்கும் பெர்சிமன் பழத்தைச் சொல்லி இழுத்தேன்.

"ஓம், வைக்கலாம். குல்லு பக்கம் வைக்கினம்தானே. நான் ஆப்பிளைக் கேட்டனான்."

வெளியே நின்ற ஒரு வாடிக்கையாளருக்குச் சத்தம் கேட்காதபடி அவன் மெதுவாகச் சொன்னான். "எங்கடை தண்ணி கரண்டாய்ப் போய் டில்லியிலை எரியுது. இடம் ஹொட்டேலுக்குப் போகுது. பெடியள் கீழை மருந்துக் கொம்பனிக்குப் போறாங்கள், இல்லாட்டி என்னை மாதிரி. ஆப்பிள் ஒண்டுதான் எங்கடை கையிலை இருந்தது. அதுவும் வருஷா வருஷம் மலையிலை மேலை ஏறிப் போகுது. நாங்கள் அதுக்குப் பின்னாலை ஏற ஏலாது, மேலை வேறை ஆக்களின்ரை காணி. நான் பிழையாச் சொல்லுறனோ, சேர்?"

அவன் ஒன்றையும் பிழையாகச் சொல்லவில்லை. அந்த வரிசையை நடச் சொன்ன வருடம் அங்கே முழங்கால் ஆழத்துக்குப் பனி. நான் சொன்னது அன்றைக்குச் சரி. அதைச் சொல்லித்தான் நவம்பரிலிருந்து என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். இப்போது 'நிக்கும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிருபாராமுக்கு மகன் கிடைப்பான். அவர் போகிற காலத்துக்குப் பக்கத்தில் ஆள் இருக்கும். சொல்ல வாய் திறந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அதன் பிறகு அந்தச் சரிவில் இவன் தனியாக நின்று பூக்காத மரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது கண்ணில் வந்தது.

"நிக்காதுப்பா," என்றேன். "பத்து வருஷமே சந்தேகம்."

அவன் தலையை ஆட்டினான். ஒரு வாழைப்பழப் பெட்டியிலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்தான். "அப்ப நான் வரேல்லை, சேர்," என்றான். "நீங்களே சொல்லிப்போடுங்கோ. என்னாலை ஏலாது."

காலை 10.35. ரோஹ்ருவில் மாலை 4.05.

முதல் மணியிலேயே கிருபாராம் எடுத்தார். வீடியோவில் பச்சை மடிப்பு வைத்த பஹாடித் தொப்பி, பின்னால் பின்னிக் கிடக்கும் குச்சிகள். வீட்டில் இல்லை, அந்த வரிசையிலேயே நின்றுகொண்டிருந்தார். கையில் கிளை வெட்டும் கத்தரி. நாங்கள் ஹிந்தியில் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"வரவில்லை," என்றேன். "அவன்மேல் கோபப்படாதீர்கள். மரம் நிற்குமா என்று என்னைக் கேட்டான். நிற்காது என்று சொன்னவன் நான்."

"தெரியும்," என்றார். "நவம்பரில் இங்கே ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்தீர்கள். எப்போதும் ஏதாவது சொல்வீர்கள். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டீர்கள்."

எல்லாம் தெரிந்துதான் என்னை அனுப்பியிருக்கிறார்.

"சரி, அவனைக் கூப்பிடுங்கள். வெட்டாத தலைமுடி மாதிரி இவ்வளவு குச்சியோடு இந்த மரங்களை இன்னொருவர் கையில் கொடுக்க எனக்கு மனசில்லை. வளர்க்கத் தெரியாதவன் வளர்த்தது என்று நினைப்பார்கள். அவன் சொல்லட்டும், நான் வெட்டுகிறேன்."

சுனில் போனை வாங்கினான். பிறகு முதல் முறையாக அன்று அவன் வாயிலிருந்து பஹாடி வந்தது. எனக்குப் பாதிதான் பிடிபடும், ஆனால் கிளை வெட்டும் பேச்சு முழுவதும் புரியும். நடுவில் நேராக மேலே போவதை முதலில் எடுங்கள் என்றான். இடது பக்கம் உரசிக்கொண்டிருக்கும் இரண்டில் மெலிந்ததை எடுங்கள். போனை இன்னும் கிட்டக் கொண்டுபோங்கள். கிருபாராம் ஒரு கையில் போனும் ஒரு கையில் கத்தரியுமாகத் தடுமாறினார். கடைசியில் போனை ஒரு கிளையின் கவட்டையில் செருகி வைத்தார். கத்தரி கடிக்கும் சத்தம் பின்னறையில் தெளிவாகக் கேட்டது.

ஒரு இடத்தில் சுனில் அவசரமாக, "அங்கே இல்லை, அந்த மொட்டை விடுங்கள். மூன்றாம் வருடம் அதில்தான் காய் பிடிக்கும்," என்றான்.

மூன்றாம் வருடம் மரம் ஏது என்று, சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கிருபாராம் அந்தப் பக்கம் கத்தரியை அப்படியே பிடித்திருந்தார். பிறகு ஒரு விரல் அளவு தள்ளி வைத்து, மொட்டை விட்டு வெட்டினார். "சரி, விட்டுவிட்டேன்," என்றார்.

கதவருகே சிவநேசன் நின்றிருந்தார். அவருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. வெளியே யாரோ சுனிலைக் கூப்பிட்டார்கள். "அவன் அலுவலாய் நிக்கிறான், நான் வாறன்," என்று சொல்லிவிட்டு, காலை இழுத்து இழுத்து அவரே போனார்.

அரை மணி நேரத்தில் ஒரு மரம் முடிந்தது. நடுவில் வெளிச்சம் புகும்படி, நாலு பக்கமும் கிளை விரிந்து, ஒழுங்காக நின்றது. சுனில், "அடுத்தது," என்றான்.

"இல்லை, வெளிச்சம் போய்விட்டது," என்றார் கிருபாராம். "ஒரு நாளைக்கு ஒரு மரம் போதும். நாளைக்கு இதே நேரம் கூப்பிடு."

"சரி அப்பா," என்றான் சுனில்.

பகல் 12.20, திரும்பும் வழி.

சிவநேசன் இரண்டு கிலோ ஆப்பிளும் ஒரு கட்டு முருங்கைக்காயும் பையில் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அவருடைய முகத்தில் நிம்மதி இருந்தது. நிம்மதியாக இருப்பதற்கு வெட்கமும் இருந்தது. சுனில் ஸ்டேஷன்வரை வந்தான். என் முழங்கால் வலிக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று விசாரித்தான், மகளுக்கு மிளகாய்த்தூள் வேண்டுமா என்று கேட்டான். ரயில் வந்ததும் குனிந்து என் காலைத் தொட்டான், அவர்கள் ஊர் வழக்கப்படி.

ரயிலில் இடம் கிடைத்தது. வாழ்க்கையில் நூற்றுக்கணக்கான தோட்டங்களுக்குச் சொல்லியிருக்கிறேன், இதை நடு, அதை வெட்டு என்று. இன்று ஒரு குடும்பத்துக்கு இல்லை என்று சொன்னேன். துக்கமாக இருந்தது. ஸ்ட்ராட்ஃபோர்ட் வரும்வரை பையிலிருந்த ஆப்பிள்களில் ஒன்றை உள்ளங்கையில் ஏந்தியபடி உட்கார்ந்திருந்தேன். எதிரில் இருந்த பெண்மணி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சென்ட்ரல் ரயிலில் ஏறிய பிறகுதான் விரல் விட்டு எண்ணினேன். இன்று இருபதாம் தேதி, ஒரு மரம். நாளைக்கு ஒன்று. பதினோராவது மரம் முப்பதாம் தேதி வரும். கையெழுத்து முப்பத்தோராம் தேதி.

அந்தச் சரிவை எனக்குத் தெரியும். மேற்குப் பார்த்தது, ஜனவரியில் ஐந்தரைவரை வெயில் நிற்கும். கிருபாராம் வெளிச்சம் போய்விட்டது என்று சொன்னபோது மணி அங்கே நாலு முப்பத்தைந்து, அவருடைய தொப்பியின் மேலும் பாதிக் கன்னத்திலும் மஞ்சள் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. போன் சுனிலின் கையில்தான் இருந்தது. என்னைவிட நன்றாக அவன் அதைப் பார்த்திருப்பான்.